தீடையில் நிற்கிறவர்கள்: சிப்பி மண்ணில் ஆள் உருவம் சுட்ட அனுபவம்

மொத்தம் ஏழு உருவம். ஆறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள், ஏழாவது ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நிற்கிற பெரிய ஆள் உருவம் ஒவ்வொன்றும் ஈரத்தில் 75 சென்டிமீட்டர் உயரம், சுட்டு எடுத்தால் 68 வரும். ஒன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈர மண். போன மாசியில் தொடங்கினேன், இப்போது ஐப்பசி. ஐந்து முடிந்தது. ஒன்று சூளையிலேயே வெடித்தது. அதற்குப் பதிலாகச் செய்ததும் ஏழாவதும் ஈரத்துணி சுற்றிக் கொல்லையில் இருக்கின்றன. நடுவில் உப்பும் சிப்பியும் சேர்ந்து படுத்திய பாட்டை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். இந்தக் கரையில் மண்ணில் பெரிதாக ஏதாவது செய்யப் போகிறவர்கள் நான் விட்ட தப்பையே மறுபடி விட வேண்டாம், புதுசாக வேறு தப்பு விடலாம்.

என் வீடு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். அரிச்சல்முனையில் நின்று கிழக்கே பார்த்தால் கடலுக்குள் வரிசையாக மணல் தீடைகள், அதாவது மணல் திட்டுகள், கொஞ்சம் நம் பக்கம், மீதி இலங்கைப் பக்கம். தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990இலும், 1995-96இலும், 2006இலும், அங்கே சண்டை மூளும்போதெல்லாம் சனம் படகேறி இந்தப் பக்கம் வந்தது. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது என்றிருந்தால் 2022இல் அரிசியும் பால்மாவும் வாங்க வழியில்லாமல் மறுபடி வந்தார்கள். படகுக்காரர்கள் பலர் கரைவரை வர மாட்டார்கள், இருட்டோடு இருட்டாகத் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விடியும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்த நிற்பதைச் செய்ய வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை.

முதலில் செய்தது இந்த ஏழில் சேராது. ஒரு பெண், வாய் திறந்திருக்கும், ஒரு கை முன்னால் நீண்டிருக்கும், இன்னொரு கை மேலே. மூன்று நாள் வேலை. செய்து முடித்தபோது எனக்கே கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதுகுளத்தூர் பக்கம் ஐயனாருக்குப் புரவி செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், நான் மண் மிதிக்கக் கற்றது அவரிடம்தான். மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இது சாமியா, ஆளா?”

“ஆளுதான் ஐயா.”

“ஆளுன்னா ஏன் தம்பி கையை நீட்டிக்கிட்டு நிக்கிது, கடன் கேக்குதா?”

சிரிப்பு வந்தாலும் வலித்தது. அப்புறம் தொழில் சொன்னார். நீட்டிய கை சூளைக்குப் போனால் திரும்பாது. காய்கிறபோது உடம்பு ஒரு வேகத்தில் சுருங்கும், மெல்லிசான கை வேறு வேகத்தில் சுருங்கும், தோளில் விரிசல் விழும். அதைத் தாண்டி வந்தாலும் சூளைக்குள் விறகு சரிந்தால் முதலில் போவது அதுதான். குதிரைக் காதைக்கூடத் தலையோடு ஒட்டித்தான் வைப்போம் என்றார்.

அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு இடியப்பம் கொண்டுவரும் அம்மா பார்த்தார். முகாமில் இருக்கிறவர், மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990இல் வந்தவர். மண்டபம் முகாம் என்றால் புரியாதவர்களுக்கு: வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலியாட்களைத் தங்கவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது, பிறகு அதே இடம் எதிர்ப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கானது. 2021இலிருந்து அகதி முகாம் என்ற பெயர் மாறி மறுவாழ்வு முகாம். அந்த அம்மா பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கையை ஏன் தம்பி விரிச்சுக்கொண்டு நிக்கிறா?”

உதவி கேட்கிற மாதிரி, என்று இழுத்தேன்.

“ஆரிட்டக் கேக்கிறது? அங்க ஆர் இருந்தது?”

எனக்குப் பதில் இல்லை. அவரே இடியப்பப் பாத்திரத்தைத் தூக்கித் தலையில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு நின்று காட்டினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தால் சாமான் தலைக்குப் போகும், ஒரு கை அதற்கு, இன்னொரு கை பிள்ளைக்கு, நீட்டுவதற்கு மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. வாயும் திறந்திருக்கவில்லையாம். பிள்ளை கத்தினால் யாருக்காவது கேட்டுவிடும் என்று அதன் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்களாம். சொல்லிவிட்டு, “இண்டைக்கு எத்தினை வேணும்?” என்று தட்டை எடுத்தார்.

ஒருவர் மண்ணைப் பற்றிச் சொன்னார், ஒருவர் நடந்ததைப் பற்றிச் சொன்னார், இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றது. கை உடம்போடு இருக்க வேண்டும். தலைமேல் மூட்டை, அதைத் தாங்குகிற கை மூட்டையோடும் தலையோடும் ஒட்டும், தோளுக்கு ஆதாரம் கிடைக்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை இரண்டு கையாலும் அப்பாவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருக்கும், அதுவும் ஒட்டும். எங்கெல்லாம் நான் நாடகத்துக்காகக் கை காலை நீட்டியிருந்தேனோ அங்கெல்லாம் பொய் என்று தெரிந்தது, அங்கெல்லாம்தான் உடையவும் போகிறது. அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்துவிட்டேன்.

உருவத்தின் கட்டுமானம் சுலபம்தான். இடுப்புக்குக் கீழே கால் கிடையாது, ஈரச் சாரமோ சேலையோ ஒட்டின மாதிரி ஒரு குழல், அடி அகன்ற தாழி மாதிரி. மேலே மட்டும் ஆள். மண்ணைக் கயிறாக உருட்டிச் சுற்றிச் சுற்றி ஏற்றி, உள்ளே ஒரு கூழாங்கல்லை அணை கொடுத்து வெளியே பலகையால் தட்டி ஏற்றுவது. சுவர் கனம் 15இலிருந்து 18 மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. ஒரு நாளைக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றினால் கீழே பிதுங்கும். முதுமக்கள் தாழி செய்த கை இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் புதிதல்ல. ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் அகழ்ந்தபோது கப்பல் கீறின பானை ஓடு கிடைத்தது, ரோமாபுரிக் காசும் கிடைத்தது. கடல் தாண்டி வருகிறவர்களை இந்த மண்ணில் ஏற்கெனவே ஒருவன் கீறி வைத்திருக்கிறான்.

தலை மட்டும் தனியாகச் செய்தேன். சீனாவில் சியான் நகருக்குப் பக்கத்தில் கிணறு வெட்டியவர்கள் 1974இல் கண்டுபிடித்த மண் படைவீரர்களை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்: கால் கெட்டி, உடம்பு உள்ளீடற்றது, தலை தனியாகச் செய்து கழுத்துக் குழியில் இறக்கியது. அதே 1974இல்தான் கச்சத்தீவு ஒப்பந்தம் என்பது சம்பந்தமில்லாத சேதி, ஆனால் அந்த வருஷத்தைப் படித்தபோது என் மனசு அங்கேதான் போனது. தலை தனியாக இருந்தால் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்யலாம், மூட்டையின் கனம் கழுத்தில் எங்கே இறங்குகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கனம் தூக்கினவர்களின் கழுத்தில் பின்பக்கம் இரண்டு நரம்பு புடைக்கும், தாடை கொஞ்சம் முன்னால் வரும். வாயை மூடிய பிறகு முகத்தில் எனக்கு மிச்சம் இருந்தது அந்தத் தாடைதான்.

இனி மண். நல்ல மண்ணுக்கு உள்நாட்டுக் கண்மாய்க்குப் போக வேண்டும், வட்டாட்சியர் அனுமதி வாங்க வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். நான் சோம்பேறித்தனம் பட்டுப் பக்கத்திலேயே வறண்டு கிடந்த ஒரு ஊருணிக் கரையிலிருந்து, தோட்டக்காரரிடம் கேட்டு, சவடு கலந்த களிமண் எடுத்தேன். கையில் நன்றாகத்தான் பிடித்தது, சுண்டு விரல் கனத்தில் உருட்டி வளையம் மாதிரி வளைத்தால் விரியவில்லை. ஓட்டுத்தூள் நாலுக்கு ஒன்று சேர்த்தேன், அதாவது உடைந்த பானையையும் நாட்டு ஓட்டையும் இடித்துச் சலித்தது. உமி ஒரு கை.

முதல் சூட்டுக்கு முழு உருவம் வைக்கப் பயந்து மார்பளவு ஒரு தலையும் சில துண்டுகளும் வைத்தேன். நன்றாக வெந்து செக்கச்செவேலென்று வந்தது. தட்டினால் கணீரென்ற சத்தம். மகிழ்ச்சியாகக் கூடத்தில் அலமாரி மேல் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி ‘டப்’ என்று சத்தம். பல்லி என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் கன்னத்தில் பழைய நாலணா அளவுக்கு ஒரு சில்லுத் தெறித்துக் கீழே கிடக்கிறது, குழியின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. விரலால் தொட்டால் மாவு. அடுத்த நாள் நெற்றியில், அப்புறம் மூக்கோரம். ஒரு வாரத்தில் அம்மை போட்ட முகம்.

வெற்றிலை போடுகிற யாருக்கும் அந்த வெள்ளை மாவு என்ன என்று தெரியும். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் சூடேறிப் பூத்துச் சுண்ணாம்பாகும் இல்லையா, அதையேதான் நான் ஒரு முகத்துக்குள் வைத்துச் செய்திருக்கிறேன். மண்ணில் இருந்த பொடிச் சிப்பியும் நத்தை ஓடும் 700 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பித்து 900க்குள் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையை விட்டு வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாகக் குடிக்கும், குடித்தால் பெருக்கும், மேலே இருக்கிற மண்ணை உதைத்துத் தள்ளும். நம் ஊர்க் கடல்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

மதுரையிலிருந்து வந்த நண்பன் அதைப் பார்த்து அசந்துபோனான். “டேய், அப்படியே விடுடா, குண்டு பட்ட மாதிரி இருக்கு, இதை நீ நினைச்சாலும் செய்ய முடியாது” என்றான். இரண்டு நாள் யோசித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் உறுத்தியது. அந்தப் பொத்தல் யாருக்கும் நடந்ததல்ல, சிப்பிக்கு நடந்தது. தற்செயலாக விழுந்த குழியைக் காட்டிப் போர் என்று பெயர் வைத்தால் இடியப்பம் அம்மா என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். போர்ச் சிலை என்றாலே உடம்பைக் கிழித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது, எனக்கும் இருந்தது. தீடையில் நின்றவர்கள் பலருக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இருந்திருக்காது. சரி, குழி வேண்டாம், சிப்பியை நிறுத்துவது எப்படி என்று பார்க்கலாம் என்று இறங்கினேன்.

மண்ணை எடுக்கும்போதே சோதித்திருக்கலாம். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் விட்டு (தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல) காய்ந்த மண்ணில் இரண்டு சொட்டு விடுங்கள், நுரைத்தால் சிப்பி இருக்கிறது. என் மண் சோடா மாதிரி பொங்கியது.

செய்தது மூன்று வேலை. முதலாவது, சலித்தல். மண்ணை டிரம்மில் கூழாகக் கரைத்து முதலில் கொசுவலையில், அப்புறம் மாவு சலிக்கிற சல்லடையில் வடிகட்டினேன். பெரிய சில்லுகள் போய்விடும், தூளாக இருப்பது போகாது, ஆனால் தூள் அவ்வளவு வலுவாக உதைக்காது. 150 கிலோ மண்ணை இப்படி வடிகட்ட ஒன்பது நாள் ஆனது, தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது, இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, உப்பு. இது படித்துத் தெரிந்துகொண்டது. பப்புவா நியூ கினிக் கடற்கரையில் சுண்ணாம்பு மணல் கலந்த மண்ணைக் கடல் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பானை செய்கிறார்கள், உப்பு சேர்ந்தால் சூட்டில் சுண்ணாம்பின் வேலை மாறிவிடுகிறது, தெறிப்பு குறைகிறது. பெரியவரிடம் போனில் சொன்னேன். “கடல் தண்ணியிலயா? உனக்கென்ன கிறுக்கா தம்பி, சுவத்துல உப்புப் பூத்தா வீட்டையே இடிக்கிறான்” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. முதல் தடவை கூழையே கடல் தண்ணீரில் கரைத்து வெயிலில் வற்றவைத்தேன், தண்ணீரெல்லாம் ஆவியாகி உப்பு முழுக்க மண்ணில் தங்கிவிட்டது. செய்த துண்டு காய்ந்தபோது பஞ்சு முளைத்த மாதிரி வெள்ளை, கை வைத்தால் கரகரவென்று உதிர்ந்தது. அத்தனையும் வீண்.

அளவு இதுதான்: நல்ல தண்ணீரில் கரைத்து வடிகட்டி, முழுக்கக் காயவைத்து, உடைத்து, அந்த உலர்ந்த மண் 10 கிலோவுக்குக் கடல் தண்ணீர் 3 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்தால் 105 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். கூழாக இருந்ததை எதற்குக் காயவைத்து மறுபடி நனைக்க வேண்டும் என்று என் மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி, உப்பை அளந்து சேர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்றாவது, சூளையிலிருந்து எடுத்ததும் முங்கவைப்பது. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தவுடன் நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுசாக இறக்கிவிட வேண்டும், குமிழ் வருவது நிற்கும்வரை. மிச்சமிருக்கிற சுண்ணாம்பு காற்று ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்காமல் ஒரேயடியாக நனைந்து களியாகிக் கரைந்துவிடும், உதைக்க நேரம் கிடைக்காது. செங்கல்லுக்குச் செய்கிற வைத்தியம்தான். காவிரித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிற ஊரில் தொட்டி நிறையப் பொம்மையை ஊறவைத்தால் அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். உப்பு மண்ணில் செய்த முதல் முழு உருவம், மூட்டைக்காரப் பெண். மேல் பாதியில் இன்னும் வேலை இருந்ததால் அதைத் திறந்து வைத்து, அடிப்பகுதி வேகமாகக் காய்ந்து பிளந்துவிடாமல் இடுப்புவரை பாலித்தீனைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் பிரித்தால் கயிறு இருந்த இடத்துக்கு மேலே, சுற்றிலும், இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே போக வழி தேடும், போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும், ஆவியாகிற இடத்தில் உப்பை வைத்துவிட்டுப் போகும். கீழே பாலித்தீன் அடைத்திருந்ததால் அடிப்பாதித் தண்ணீரும் அந்த விளிம்புக்கு வந்து வெளியேறியிருக்கிறது. சுட்ட பிறகு பார்த்தால் உடம்பு செங்காவி, அந்தக் கோடு மட்டும் வெளுத்த மணல் நிறம். வலை இழுத்துவிட்டுக் கரையேறி வெயிலில் நிற்கிறவர்களின் தொடையில் உப்புக் கோடு பார்த்திருப்பீர்களே, அதே.

தண்ணீர் மட்டத்தை எப்படிக் காட்டுவது, சுண்ணம் பூசுவதா, கீறுவதா என்று மாசியிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கடல் தண்ணீரே கடல் மட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றே கட்டினேன், பிள்ளை சுமக்கிற அப்பாவுக்கு இடுப்பில், பையனுக்கு நெஞ்சில். மூவரை அருகருகே வைத்தால் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், அதற்குத் தச்சர்கள் வைத்திருக்கிற மட்டக்குழாயைக் கடன் வாங்கினேன். ஒரு எச்சரிக்கை: உப்புப் பூத்த பிறகு கை வைக்காதீர்கள். வைத்த இடத்தில் உப்பு உதிர்ந்து, சுட்டதும் அங்கே சிவப்பாக ஐந்து விரல் தெரியும். பையன் முதுகில் என் விரல் இருக்கிறது. சிலர் அதையும் அர்த்தமுள்ளதாக எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் கவனக்குறைவு.

சூளை விவரம். ஒன்றரை அடி உயரச் செங்கல் வட்டம், உள்ளே அடுக்கு, மேலே ஓட்டுச்சில்லும் வைக்கோலும் மண் பூச்சும். விறகு சீமைக்கருவேல், அது இந்த ஜில்லாவில் கேட்காமலே கிடைக்கும், தணல் நின்று எரியும். தொடக்கத்துக்கு வரட்டியும் பனைமட்டையும். சூட்டை அளக்கக் கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று வைத்திருக்கிறேன், உறை துருப்பிடித்துவிட்டது, இருந்தாலும் எண் சொல்கிறது. சாயங்காலம் 5 மணிக்கு வரட்டிப் புகை மட்டும், விடியற்காலை 5 மணிவரை 120 டிகிரியைத் தாண்ட விடவில்லை. அப்புறம் மணிக்கு 65 டிகிரி. 550க்கும் 600க்கும் நடுவில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன், மண்ணில் இருக்கிற மணல் 573இல் சட்டென்று விரியும், அங்கே அவசரப்பட்டால் தலைமுடி விரிசல். மாலை ஐந்து மணி வாக்கில் 880, இருபது நிமிஷம் பிடித்துவிட்டு எல்லா வாயையும் மண்ணால் அடைத்தேன். ஆறுவதற்கு ஒன்றரை நாள். ஆறும்போதும் அதே 573இல் மணல் சுருங்கும், கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஆசைப்பட்டு எட்டிப் பார்க்கத் திறந்தால் போச்சு.

வெடித்தது இரண்டாவது சூட்டில். காலை 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெர்மோகப்பிள் 160 காட்டியபோது, மட் என்று ஒரு சத்தம், சூளையின் மேல்மண் ஒரு இடத்தில் தூக்கி அமர்ந்தது. அந்த எண்ணைப் பார்த்தால் தெரியும், 5 மணியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் 40 டிகிரிதான் ஏறியிருந்தது, 65கூட இல்லை, சீக்கிரமே ஏற்றிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த வேகம் தாங்கக்கூடியதுதான். தப்பு மண்ணில் இருந்தது. கிழவி உருவத்துக்கு மூட்டையைக் கெட்டியாகச் செய்து வைத்திருந்தேன், உள்ளே குடையவில்லை, நடுவில் 6 சென்டிமீட்டர் கனம், ஈரம் அங்கேயே தங்கி ஆவியாகி வழியில்லாமல் பிளந்துகொண்டு வந்தது. மூட்டையோடு தலையும் போனது. ஒரு சில்லு பக்கத்து உருவத்தின் காதை எடுத்துக்கொண்டு போனது. குதிரை வயிற்றில் துளை விடுகிறது சாமிக்கில்லை தம்பி, ஆவிக்கு, என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது எல்லா மூட்டையும் உள்ளே கூடு, அடியில் சுண்டுவிரல் நுழைகிற துளை. காது போனவரை அப்படியே விட்டிருக்கிறேன். அது மட்டும் எப்படிச் சம்மதமானது என்று கேட்டால், தலைமயிர் பிடித்திருக்கிற பிள்ளையின் முட்டி அந்த இடத்தை மறைக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

ஐந்து உருவத்தில் சுட்டு நாலு மாதம் ஆனதும் இருக்கிறது. இதுவரை ஒரே ஒரு தெறிப்பு, முழங்கையில், மிளகு அளவு.

ஏழாவது ஆள். எதிர்வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர், எல்லை தாண்டினதாகப் பிடிபட்டு அந்தப் பக்கம் சில வாரம் இருந்துவிட்டு வந்தவர். ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “வந்தவங்களையே செய்யிறியே தம்பி, போனவனைச் செய்ய மாட்டியா?” என்றார். யோசித்தால் நியாயம். அதே தண்ணீர்தான். ஆனால் செய்யத் தொடங்கும்போது இன்னொன்றும் யோசித்தேன்: அந்தக் கரையில் வலை போடுகிறவனும் தமிழன், போர் முடிந்து மறுபடி கடலுக்கு வந்தவன், கடலடியை வாரி இழுக்கிற நம் இழுவைமடி வலை அவன் வலையை அறுத்துக்கொண்டு போகிறது, 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்ததற்குக் குரல் கொடுத்ததில் அவனும் உண்டு. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “தெரியும்ல” என்றார். கொஞ்சம் கழித்து, “தெரிஞ்சு என்ன, டீசல் கடன் இருக்குல்ல” என்றார்.

அவரே கொல்லையில் குத்தவைத்துக் காட்டினார், பிடிபட்ட படகில் அப்படித்தான் உட்காரவைத்தார்களாம். முழங்கால் நெஞ்சோடு, இரண்டு கையும் கோத்துப் பிடரியில். மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான நிலை கிடையாது, ஒரு முட்டை மாதிரி, எங்கேயும் நீட்டல் இல்லை. கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தலையைச் செய்துகொண்டிருந்தபோது மறுபடி வந்து பார்த்தார்.

“முகம் யாருது வைக்கப் போற?”

“உங்களுதுதாண்ணே.”

“வேணாம்ப்பா. கேஸ் இன்னும் முடியல.”

அதனால் முகத்தை முழங்காலுக்குள் இறக்கிவிட்டேன், பிடரியும் கோத்த விரலும்தான் வெளியே தெரியும். இதில் ஒரு சிக்கல். நெற்றி, முழங்கால், நெஞ்சு மூன்றுக்கும் நடுவில் ஒரு பொந்து உண்டாகிவிட்டது, அங்கே காற்று போகாது, ஈரமும் உப்பும் வெளியே வர இடமில்லை. வாடை தொடங்கிவிட்டது, எப்படியும் தை வரைக்கும் சூளை கிடையாது, அதற்குள் மெதுவாகக் காய்ந்தால் போதும். ஆனால் ஆவிக்கு ஒரு துளை கட்டாயம் விட வேண்டும். வயிற்றுப் பக்கம் விட்டால் அடி பலமிழக்கும், முதுகில் விட்டால் நண்பன் மறுபடி குண்டு என்பான். கோத்த விரல்களுக்கு நடுவில், பிடரிக் குழியில், விரல் நிழலில் மறைகிற மாதிரி ஒன்று விட முடியுமா என்று நாளைக் காலை துணியை நனைக்கும்போது பார்க்க வேண்டும்.